சம்பந்தி அம்மாவின் கை

பிப்ரவரி 9

சம்பந்தி அம்மாவுக்கு,

நான் நலம். நீங்கள் நலமா என்று கேட்டால் அடிப்பீர்களோ என்று பயமாக இருக்கிறது. நான்கு முறை போன் செய்தேன், எடுக்கவில்லை. ஐந்தாவது முறை எடுத்தீர்கள், என் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டீர்கள். அதனால்தான் கடிதம். முப்பத்தோரு வருஷம் அச்சகத்தில் உட்கார்ந்து அடுத்தவர் எழுதியதில் பிழை பார்த்தவன் நான். சொந்தமாக ஒரு பக்கம் எழுத உட்கார்ந்தால் பேனா மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருக்கிறேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து என்னை நேராக மூத்த மகள் வீட்டில் கொண்டுவந்து சேர்த்துவிட்டார்கள். உங்கள் மாப்பிள்ளையின் ஏற்பாடு. "அங்கேயே இருந்தா மறுபடியும் அந்த மாடிப்படி ஏறிடுவீங்கப்பா" என்றான். அந்த மாடிப்படி என்றால் தையல்கடைக்கு மேலே இருக்கும் உங்கள் அறையின் மாடிப்படி. எட்டு மணி நேர ரயில் தூரத்தில் இருந்துகொண்டு அதை நான் எப்படி ஏறுவது.

உடம்பு தேவலை. மருந்தெல்லாம் மகள் எதிரில் நின்று கொடுக்கிறாள். வேலை இல்லாததால் பழையதை நினைத்துக்கொண்டு கிடக்கிறேன். முதல் முறை உங்களிடம் வந்தது ஞாபகம் இருக்கிறதா? சம்பந்தி எதிரில் சட்டையைக் கழற்றச் சொன்னால் என்ன செய்வது என்று பனியன், அதன்மேல் ஒரு சட்டை, அதன்மேல் இன்னொரு சட்டை என்று போட்டுக்கொண்டு வந்து நின்றேன். "எனக்கு உங்க விலா எலும்பு மட்டும் போதும் சம்பந்தி, கௌரவத்தை நீங்களே வச்சுக்கோங்க. சட்டைக்கு மேலேயே கை வைக்கிறேன்" என்றீர்கள். வெந்நீர் டம்ளரைப் பிடித்துக் கையைச் சூடாக்கிக்கொண்டு முதுகில் வைத்தீர்கள். அமுக்கவில்லை, தேய்க்கவில்லை. சும்மா வைத்திருந்தீர்கள். கடிகாரச் சத்தத்துக்கு மூச்சு ஓடக்கூடாது என்று அந்த அறைக் கடிகாரத்தில் பேட்டரியைக்கூடக் கழற்றி வைத்திருந்தீர்கள். கொஞ்ச நேரத்தில் என் முதுகு இவ்வளவு அகலமா என்று எனக்கே ஆச்சரியமாகிவிட்டது. அன்றைக்கு வீட்டுக்கு நடந்தே போனேன்.

உங்களிடம் முக்கியமாக ஒன்று சொல்ல வேண்டும். தபால் எடுக்கிற நேரம் ஆகிவிட்டது, அடுத்ததில் எழுதுகிறேன். புதன்கிழமைகளில் இப்போது யார் வருகிறார்கள்?

உங்கள் சம்பந்தி

* * *

பிப்ரவரி 17

சம்பந்திக்கு,

கடிதம் கிடைத்தது. எனக்கு நீட்டி எழுத வராது. பிழை இருந்தால் மனசுக்குள் திருத்திக்கொள்ளுங்கள். சிவப்பு மையில் திருப்பி அனுப்ப வேண்டாம்.

புதன்கிழமை யாரும் வருவதில்லை. எந்தக் கிழமையும் வருவதில்லை. அறையைப் பூட்டிச் சாவியைத் தையல்காரரிடம் கொடுத்துவிட்டேன். மருத்துவமனையில் செவ்வாயும் வெள்ளியும் எனக்கு ஒரு மேஜை கொடுத்திருந்தார்களே, அங்கேயும் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். "விசாரிச்சு முடியிற வரைக்கும்" என்றார் நிர்வாகி. இதுவரை என்னை யாரும் ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை. இருபத்திரண்டு வருஷம் நர்ஸாக இருந்தேன். அதற்குப் பிறகு இந்தத் தொடு சிகிச்சை கற்றுக்கொண்டு ஒன்பது வருஷம். ஒரு ஆளிடம்கூட மருந்தை விடு என்று நான் சொன்னதில்லை.

இதையெல்லாம் தாங்கிக்கொள்வேன். என் மகள் பேசாததுதான் தாங்கவில்லை. அன்றைக்கு அவசரப் பிரிவு வாசலில் அத்தனை பேர் நடுவில் நின்று கேட்டாள். "அம்மா, மாமாவை இன்ஹேலரை நிறுத்தச் சொன்னீங்களா?" இல்லை என்றேன். அவள் வேலை பார்க்கிற மருந்துக்கடைக் கம்ப்யூட்டரில் பார்த்தாளாம். இரண்டு மாதமாக நீங்கள் தினசரி இன்ஹேலர் வாங்கவே இல்லையாம். "நீங்க சொல்லாம அவர் எப்படிம்மா நிறுத்துவாரு? உங்க பேச்சைத் தவிர அவர் யார் பேச்சையும் கேக்கறதில்லையே" என்றாள். அதோடு சரி. போனும் இல்லை, வருவதும் இல்லை. நான் போனால் மாப்பிள்ளைதான் கதவைத் திறக்கிறார், அவள் உள்ளேயே இருந்துவிடுகிறாள்.

உங்கள் நோட்டு என் பெஞ்சில் கிடந்தது. அதை வைத்திருக்கிறேன். தினமும் இன்ஹேலரில் எத்தனை பஃப் எடுத்தீர்கள், மூச்சு அளக்கிற மீட்டரில் ஊதினால் எவ்வளவு வந்தது என்று எழுதச் சொல்லியிருந்தேன். நாற்பத்தாறு நாள் எழுதியிருக்கிறீர்கள். காலை இரண்டு, மாலை இரண்டு. ஒரு நாள்கூட விடவில்லை. வேறு கடையில் வாங்கினீர்களா, இல்லை வாங்கவே இல்லையா? இதற்கு மட்டும் பதில் எழுதுங்கள்.

* * *

பிப்ரவரி 24

சம்பந்தி அம்மாவுக்கு,

வாங்கவே இல்லை.

இந்த இரண்டு வார்த்தையை எழுதிவிட்டு அரை மணி நேரம் பால்கனியில் போய் நின்றேன். போன கடிதத்தில் தபால் நேரம் ஆகிவிட்டது என்றது பொய். தபால்பெட்டி எதிர்வீட்டுச் சுவரில்தான் இருக்கிறது.

ஏன் என்று கேட்பீர்கள். டிசம்பரில் நெஞ்சு டாக்டரிடம் போனேன். ஊதச் சொன்னார், ஊதினேன். மனுஷர் அசந்துபோனார். "பிரமாதமா இருக்கே, என்ன பண்றீங்க?" என்றார். "எங்க சம்பந்தி அம்மா கை வைக்கிறாங்க" என்று பெருமையாகச் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டே, தலையைக்கூடத் தூக்காமல், "கை வச்சா மனசுக்கு இதமா இருக்கும். வேலை செய்யறது இன்ஹேலர்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. உங்களைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்?

எனக்குத் தெரியும். முதல் நாள் நீங்கள் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "இழுக்காதீங்க, விடுங்க. விட்டு முடிச்சா உள்ளே வர்றது தானா வரும்." அறுபது வருஷமாகக் காற்று போதவில்லை என்று நான் இழுத்துக்கொண்டே இருந்திருக்கிறேன். பழசு வெளியே போகாமல் புதுசுக்கு இடம் ஏது? இதை எனக்கு ஒருத்தரும் சொன்னதில்லை. 'மூச்சு விட' என்று எத்தனை ஆயிரம் பக்கத்தில் படித்துத் தாண்டியிருப்பேன், அந்த 'விட' என்னை ஒருமுறையும் நிறுத்தவில்லை. நோய்க்குப் பேர் இழுப்பு. நன்றாக இருந்தால் அதற்குப் பேர் மூச்சு விடுவது. பாஷை முழுக்க மருந்துச்சீட்டு எழுதி வைத்திருக்கிறார்கள், அதை எனக்குப் படித்துக் காட்ட உங்கள் கை வேண்டியிருந்தது.

அதனால் டாக்டருக்கு நிரூபிக்க வேண்டும் என்று வெறி வந்தது. இன்ஹேலரை நிறுத்திவிட்டு, நன்றாக இருந்து, ஒருநாள் போய் அவர் முன்னால் ஊதிக் காட்டிவிட்டு, "இது எந்த இன்ஹேலர் சார்?" என்று கேட்க நினைத்தேன். மூன்று வாரம் ஒன்றுமே ஆகவில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்புறம் மீட்டரில் எண் இறங்க ஆரம்பித்தது. நோட்டில் இறக்கவில்லை. கடைசியில் ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரு வாரத்துக்கும் சேர்த்து ஒரே மூச்சில் எழுதிவிடுவேன்.

ஆஸ்பத்திரியில் மருமகள் உங்களைக் கேட்டது என் காதில் விழுந்தது. முகத்தில் மாஸ்க் இருந்தவரை என்னால் பேச முடியவில்லை. மாஸ்க்கை எடுத்த பிறகு நான் பேசவில்லை. பிழை கண்டுபிடித்தே சாப்பிட்டவன், நாற்பத்தாறு பொய்யை என் கையெழுத்தில் எழுதினேன் என்று எந்த வாயால் சொல்வது என்று வெட்கம். வேறு காரணம் இல்லை.

* * *

மார்ச் 4

சம்பந்திக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். மூன்று தடவையும் கோபம்தான் வந்தது. புகழ்ச்சி வரும் இடத்தில் கூடுதலாக வந்தது.

உங்களுக்கு மூச்சு முட்டிய அந்தப் புதன்கிழமை, கை வைத்ததும் எனக்குத் தெரிந்தது. கீழ் விலா இரண்டு பக்கமும் அசையவில்லை. கழுத்தில் தசையெல்லாம் விறைத்துக் கிடந்தது. போன வாரம் பார்த்த உடம்பு இல்லை அது. "மருந்து எடுத்தீங்களா?" என்று மறுபடி கேட்டேன். நீங்கள் நோட்டை நீட்டினீர்கள். முத்து முத்தாக எழுத்து. கை ஒன்று சொன்னது, நோட்டு வேறொன்று சொன்னது. நான் நோட்டை நம்பினேன். ஒன்பது வருஷத்தில் என் கையை நான் நம்பாமல் விட்டது அன்று ஒருநாள்தான். நம்பியிருந்தால் அந்த நிமிஷமே உங்களை ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருப்பேன். பத்து நிமிஷம் வீணாகப் போனது. அவசர இன்ஹேலர்கூட உங்கள் பையில் இல்லை. தையல்காரரும் நானும் உங்களை நாற்காலியோடு தூக்கிக் கீழே இறக்கினோம். உங்கள் உதடு நீலமாக இருந்தது. நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள், நாங்கள் பார்த்தோம்.

டாக்டர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. மூச்சுக்குழாய் வீக்கத்தைக் குறைப்பது இன்ஹேலர். அதை நிறுத்தினாலும் சில வாரத்துக்கு அதன் பலன் தங்கும். உங்களுடைய அந்த மூன்று வாரம் அதுதான். என் கை குழாய்க்குள் போகாது. எப்போது முட்டுமோ என்று பயந்து தோளைக் காது வரைக்கும் தூக்கி வைத்திருப்பவர்களுக்கு, அதை இறக்கிவைக்கச் சொல்லிக் கொடுக்கிறேன். அது சின்ன வேலை என்று நான் நினைக்கவில்லை. ஆனால் அது வேறு வேலை. இன்ஹேலர் வேலையையும் சேர்த்து என் தலையில் கட்டினீர்கள், இப்போது என் வேலையும் போனது.

பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிற அம்மா வாரம் இரண்டு தடவை போன் செய்கிறாள், "அக்கா எப்ப திறப்பீங்க?" என்று.

எனக்கு நீங்கள் சாட்சி சொல்ல வேண்டாம், என்னைப் பெரிய ஆளாக்கவும் வேண்டாம். எனக்கு எழுதியதை என் மகளுக்கு எழுதுங்கள். நான் போய்ச் சொன்னால், அம்மா தப்பிக்கப் பார்க்கிறாள் என்றுதான் ஆகும்.

* * *

மார்ச் 11

சம்பந்தி அம்மாவுக்கு,

எழுதிவிட்டேன். நான்கு பிரதி. மருமகளுக்கு ஒன்று, மகனுக்கு ஒன்று, டாக்டருக்கு ஒன்று, மருத்துவமனை நிர்வாகிக்கு ஒன்று. அனுப்பும் முன்னால் நீங்கள் பார்க்க வேண்டும். வாழ்க்கையில் முதல் தடவையாக என் எழுத்தை இன்னொருவரிடம் பிழை பார்க்கக் கொடுக்கிறேன். இதுதான் வாசகம்:

"தினசரி இன்ஹேலரை நிறுத்தியது நான். என் சம்பந்தி அம்மா நிறுத்தச் சொல்லவில்லை. ஒவ்வொரு புதன்கிழமையும் மருந்து எடுத்தீர்களா என்று கேட்டுவிட்டுத்தான் கை வைப்பார். எடுத்ததாக நோட்டில் பொய் எழுதிக் காட்டினேன். நாற்பத்தாறு நாள் பதிவும் பொய். ஆஸ்பத்திரியில் அவர்மேல் பழி விழுந்தபோது கேட்டுக்கொண்டு சும்மா படுத்திருந்ததும் நான்தான். அவர் கை என்னைக் குணப்படுத்தியது. அதற்கு நான் செய்த கைம்மாறு இது."

வெட்ட வேண்டியதை வெட்டுங்கள். சேர்க்க வேண்டியதைச் சேருங்கள். நீங்கள் எனக்குக் கொடுக்கும் திட்டையும் சேர்க்கலாம், இடம் இருக்கிறது.

* * *

மார்ச் 16

சம்பந்திக்கு,

சரியாக இருக்கிறது. திட்டு எதுவும் சேர்க்கவில்லை, நீங்களே போதுமான அளவு திட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

ஒரே ஒரு இடம். 'குணப்படுத்தியது' என்று எழுதியிருக்கிறீர்கள். அதை அடித்துவிட்டேன். நான் யாரையும் குணப்படுத்தவில்லை. அந்த வார்த்தையை நம்பித்தான் நீங்கள் மருந்தை விட்டீர்கள், இன்னொருவரும் விடுவார். அதற்குப் பதில் 'இளைப்பார வைத்தது' என்று போடுங்கள். அது உண்மை. அதற்குமேல் எதுவும் எழுதினால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

மீதி நீங்கள் அனுப்பலாம்.

* * *

மார்ச் 20

சம்பந்தி அம்மாவுக்கு,

நான்கும் தபாலில் போய்விட்டன. உங்கள் வார்த்தையோடு.

நீங்கள் 'ற' போட வேண்டிய இடத்தில் 'ர' போட்டிருந்தீர்கள். அதை மட்டும் திருத்திக்கொண்டேன், பழக்கதோஷம், மன்னித்துக்கொள்ளுங்கள். திருத்தப் போன இடத்தில்தான் பேனா நின்றுவிட்டது. என் அம்மா காலத்திலிருந்து எங்கள் வீட்டில் இந்த நோய்க்குப் பேர் இளைப்பு. 'இவனுக்கு இளைப்பு இருக்கு' என்று சொல்லித்தான் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். அந்த இளைப்பு ஆறுவதுதான் இளைப்பாறுவது. தீர்வது இல்லை, ஒழிவது இல்லை, ஆறுவது. நீட்டி எழுத வராது என்று சொல்கிற நீங்கள், உங்கள் தொழிலுக்கு ஒரே வார்த்தையில் விளக்கம் எழுதிவிட்டீர்கள். நான் முப்பத்தோரு வருஷத்தில் எத்தனையோ பெரிய எழுத்தாளர்களுக்குப் பிழை பார்த்திருக்கிறேன். ஒருவராவது என் பக்கத்தில் ஒரு வார்த்தையை அடித்துவிட்டு இவ்வளவு சரியானதைப் போட்டதில்லை. இதைப் புகழ்ச்சி என்று கோபிக்க வேண்டாம், தொழில்முறையில் சொல்கிறேன்.

உங்களை உயர்த்துகிறேன் என்று கிளம்பி உங்களைக் கீழே தள்ளினேன். நீங்கள் உங்கள் உயரம் இவ்வளவுதான் என்று நீங்களே அளந்து சொல்கிறீர்கள். அப்படிச் சொல்கிறவர்களைத்தான் நம்ப வேண்டும் என்று எனக்கு அறுபத்தெட்டு வயதில் தெரிகிறது.

மகன் போன் செய்தான். "அப்பா, உங்களுக்கு வயசு என்ன?" என்றான். அறுபத்தெட்டு என்றேன். "ஆறுன்னு நினைச்சேன்" என்று சொல்லி வைத்துவிட்டான். மருமகளிடமிருந்து ஒன்றும் இல்லை. அவள் கடிதத்தைப் பிரித்தாளா என்றுகூடத் தெரியவில்லை. உங்கள் வீட்டுக்கு வந்தாளா? வராவிட்டால் சொல்லுங்கள், நானே ரயில் ஏறி வந்து அவள் கடை வாசலில் நின்று வாயால் சொல்கிறேன்.

* * *

ஏப்ரல் 3

சம்பந்திக்கு,

ரயில் ஏற வேண்டியதுதான். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

நெஞ்சு டாக்டர் போன வாரம் அவரே போன் செய்தார். "அவர் மருந்து எடுக்கறாரான்னு நானும் கேட்டிருக்கணும்மா, நல்லா ஊதறாரேன்னு விட்டுட்டேன்" என்றார். வருகிற செவ்வாயிலிருந்து பழைய மேஜைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். நிர்வாகி மன்னிப்பு கேட்கவில்லை, மேஜைக்குப் புது விரிப்பு போட்டிருக்கிறார். அது போதும். தையல்காரரிடமிருந்து சாவியை வாங்கிவிட்டேன். பஸ் ஓட்டுகிற அம்மாதான் முதல் ஆளாக வந்தாள். மருந்து எடுத்தாயா என்று கேட்டேன். "எடுத்தேன்க்கா" என்றாள். அதன்பிறகுதான் கையை வைத்தேன், கையும் அதையே சொன்னது.

ஞாயிற்றுக்கிழமை மாலை என் மகள் அறைக்கு வந்தாள். உங்கள் கடிதம் கையில் இருந்தது, மடித்து மடித்து நைந்துபோயிருந்தது. அது வந்து பத்து நாள் ஆகியிருக்கும் போல. வாசலிலேயே நின்றாள். "உள்ளே வா" என்றேன். வரவில்லை. "நீங்க இல்லைன்னு சொன்னப்பவே நான் நம்பியிருக்கணும்மா" என்றாள். நம்பியிருக்க வேண்டும் என்றுதான் எனக்கும் இருந்தது. பரவாயில்லை என்று பொய் சொல்ல வாய் வரவில்லை.

"மாமா உதடு நீலமா இருந்துச்சும்மா. எனக்கு யார் மேலயாவது கோபப்பட்டே ஆகணும் போல இருந்துச்சு. அவர் மேல பட முடியல, மாஸ்க் போட்டுக் கிடந்தாரு. நீங்கதான் பக்கத்துல இருந்தீங்க."

"சரி, அம்மா பின்ன எதுக்கு இருக்கா" என்றேன். அதைக் கேட்ட பிறகுதான் உள்ளே வந்தாள். பெஞ்சில் உட்கார்ந்தாள். இத்தனை வருஷத்தில் அவள் என் பெஞ்சில் உட்கார்ந்ததே இல்லை, இதெல்லாம் சும்மா என்பாள். தோள் இரண்டும் காதுக்கு ஏறிக் கிடந்தது. இரண்டு மாதமாக அப்படியே சுமந்திருக்கிறாள் என்று பார்த்தாலே தெரிந்தது. கேட்காமலே முதுகில் கை வைத்தேன். அவளுக்கு இளைப்பு கிடையாது, ஒன்றும் கிடையாது. ஒரு பெரிய மூச்சு விட்டாள், அப்புறம் அழ ஆரம்பித்தாள். அழுது முடிக்கிற வரைக்கும் நான் கையை எடுக்கவில்லை.

முகம் கழுவிவிட்டு வந்து, "சரி, மாமா எப்ப வர்றாரு?" என்று கேட்டாள். கேட்ட விதம் எனக்குப் பழக்கமானது. சின்ன வயதில் பக்கத்து வீட்டுப் பெண் இவள் பென்சிலை உடைத்தபோது இதே குரலில்தான் அவள் எப்போது வருவாள் என்று விசாரித்தாள். இரண்டு மாதமாக என்மேல் வைத்திருந்ததை மொத்தமாக எடுத்து உங்களுக்கென்று தனியாக வைத்திருக்கிறாள். அதில் நான் தலையிட மாட்டேன், குறைக்கச் சொல்லவும் மாட்டேன்.

புதன்கிழமை மூன்று மணி உங்களுக்குக் காலியாக இருக்கிறது. இரண்டு மணிக்கு அவள் கடையில் இருப்பாள். முதலில் அங்கே போய் வாங்க வேண்டியதை வாங்கிக்கொண்டு, அப்புறம் என்னிடம் வாருங்கள்.